கவைக்கொம்பு மானும் உரிமச்சீட்டும்: அமெரிக்க மேற்கில் வேட்டை உரிமையும் இறைச்சிச் சுவையும்

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் வாழும் புரோங்ஹார்ன் என்னும் விலங்கு ஆங்கில வழக்கில் 'ஆன்டிலோப்' எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்பை எட்டிய இவ்விலங்கு, உரிமச்சீட்டு முறையின் கீழ் மீண்டு, இன்று குலுக்கல்வழி வேட்டையாடப்படுகிறது. இதன் இறைச்சி சுவையற்றது என்னும் கருத்து வேட்டையாளரிடையே பரவலாக உள்ளது. சீட்டைப் பெறுவதும் இறைச்சியைச் சுவைபடச் சமைப்பதும் தனித்தனிச் செய்திகளாகவே பொதுவாக எழுதப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே சட்ட வரலாற்றின் விளைவுகள் என்பதை வயோமிங் மாநிலத்தை முதன்மைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புரோங்ஹார்ன், இரலை, வேட்டை உரிமம், வயோமிங், ஷொஷோனி, உணவு வரலாறு.

முன்னுரை

நீலகிரி வேட்டை உரிமங்கள் குறித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒப்பீட்டுத் தரவுகளைத் தேடியபோதே அமெரிக்க மேற்கின் வேட்டைச் சட்டங்களைப் படிக்கும் தேவை இக்கட்டுரையாளருக்கு ஏற்பட்டது. 1877-இல் உதகையில் வேட்டைச் சங்கம் தோன்றியதும், 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் தமிழக வரலாற்று மாணவர் அறிந்தவை. ஏறத்தாழ அதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு நிலத்திலும், 'யார் கொல்லலாம், எப்போது கொல்லலாம், எத்தனை கொல்லலாம்' என்னும் வினாக்கள் அரசின் கைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒப்பீட்டுக்கெனத் தொடங்கிய வாசிப்பு அந்நிலத்தின் வரலாற்றிலேயே நின்றுவிட்டது. ஆகவே இக்கட்டுரை நீலகிரியைப் பற்றியதன்று.

முதலில் பெயர்ச்சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் இன்று 'மான்' என்னும் ஒரே சொல்லால் பல விலங்குகளைக் குறிக்கிறோம். பழந்தமிழ் இவ்வளவு சிக்கனம் காட்டவில்லை. இரலை, கலை என்பன புல்வாய்க்கு உரிய ஆண்பெயர்கள் எனத் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. உழை, நவ்வி முதலிய சொற்களும் வழங்கின. சங்கப் பாடல்களில் முறுக்கிய கொம்புடன் வரும் இரலையை இன்றைய வெளிமானாகக் கொள்வது பொருந்தும். ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் கிளைக்கொம்புடையவை ஒரு குடும்பம். எலும்பு நடுத்தண்டின்மேல் உறைபோல் அமைந்து வாழ்நாள் முழுதும் உதிராத கொம்புடையவை வேறொரு குடும்பம். ஆங்கிலத்தில் 'ஆன்டிலோப்' எனப்படுபவை இந்த இரண்டாம் குடும்பத்தைச் சார்ந்தவை.

புரோங்ஹார்ன் இவ்விரு வரையறைகளுக்கும் அடங்காதது. அதன் கொம்பு எலும்பின்மேல் அமைந்த உறைதான். ஆனால் அவ்வுறை ஆண்டுதோறும் கழன்று விழுகிறது, முன்புறம் ஒரு கவையும் கொண்டுள்ளது. தன் குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம் அது. உயிரியல் உறவுமுறையில் அதற்கு மிக அண்மையானவை ஒட்டகச்சிவிங்கியும் ஒகாப்பியும் ஆகும். எனவே இதனை இரலை என்று மொழிபெயர்ப்பது பிழையாகும். இக்கட்டுரை அதன் தோற்றத்தைக் கொண்டு 'கவைக்கொம்பு மான்' என்று வழங்குகிறது.

பெயர் குறித்து மேலும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. பின்னர் சுவை பற்றிய பகுதியில் இது பயன்படும். 1804 செப்டம்பர் 14 அன்று, இன்றைய தென் டகோட்டா பகுதியில், லூயிஸ்–கிளார்க் பயணக் குழுவைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் ஒரு கவைக்கொம்பு மானைச் சுட்டு வீழ்த்தினார். குழுவினர் அதனை 'ஆடு' என்றே குறித்தனர். உடன்சென்ற பிரெஞ்சுப் படகோட்டிகளின் வழக்கில் அது 'கப்ரி', அதாவது ஆட்டுக்குட்டி. 1815-இல் ஜார்ஜ் ஆர்டு அறிவியல் விளக்கம் அளித்த பின்னரும் ஆடு என்னும் பெயர் மறையவில்லை. இன்றும் அமெரிக்க வேட்டையாளர் பேச்சுவழக்கில் அது 'விரைவு ஆடு' எனப்படுகிறது.

சீட்டுக்கு முற்பட்ட காலம்

வயோமிங்கின் பைன்டேல் ஊருக்கு அண்மையில் டிராப்பர்ஸ் பாயின்ட் என்னும் இடம் உள்ளது. இரண்டு ஆறுகளுக்கு இடையே நிலம் ஒடுங்கும் இடைவழி அது. கிராண்ட் டீட்டன் மலைப்பகுதிக்கும் கிரீன் ஆற்றுப் படுகைக்கும் இடையே வலசை செல்லும் மான்கூட்டம் இவ்வழியாகவே கடக்க வேண்டும். நெடுஞ்சாலைப் பணியையொட்டி இங்கு நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கவைக்கொம்பு மான் எலும்புகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. அவற்றுள் பிறவாத கருக்குட்டிகளின் எலும்புகளும் இருந்தமையால், வேட்டை இளவேனில் வலசையின்போது நடந்தது என ஆய்வாளர் கணித்தனர். அதே இடைவழியில் 2012-இல் விலங்குகள் கடப்பதற்கான மேம்பாலம் அமைக்கப்பட்டது. மான்களின் தடம் மாறவில்லை. அத்தடத்தில் காத்து நிற்போரின் உரிமைதான் மாறியது.

மேற்கே பெரும்படுகை எனப்படும் வறண்ட நிலத்தில் ஷொஷோனி, பையூட் முதலிய மக்கள் கூட்டுவேட்டை நடத்தினர். மானிடவியலர் ஜூலியன் ஸ்டூவர்ட் 1938-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாகப் பதிவு செய்கிறது. சேஜ் புதர்களை வெட்டி அடுக்கி, விரிந்த இரு சிறகுகள் போன்ற நீண்ட வேலிகளை அமைப்பர். அவை ஒரு பட்டியில் சென்று முடியும். மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடந்து ஓடவல்ல இவ்விலங்கு உயரத் தாண்டும் இயல்பற்றது. திறந்த வெளியில் பரிணமித்த உடலுக்குத் தாண்டல் தேவைப்படவில்லை. இடுப்பளவுப் புதர்வேலியும் அதற்குச் சுவரே ஆயிற்று. மான்களை ஈர்க்கும் ஆற்றல் பெற்றவராகக் கருதப்பட்ட சடங்குத் தலைவர் ஒருவரே வேட்டையை நடத்தினார்.

இங்கே கருதத்தக்கது வேட்டையின் இடைவெளி. ஒரு பெருவேட்டையில் அவ்வட்டாரத்தின் கூட்டம் பெரும்பாலும் தீர்ந்துபோகும். அது மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் அதுவரை அங்கே கூட்டுவேட்டை நடைபெறாது. சீட்டு இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை; ஆனால் காலவரம்பு இருந்தது. அவ்வரம்பை விதித்தது சட்டமன்று, விலங்கின் இருப்பே. முதற்குடிகளை இயற்கையைக் காத்த முனிவர்களாகச் சித்திரிக்கும் எழுத்துகள் பெருகியுள்ள இக்காலத்தில், இந்த நடைமுறை அறிவை அதன் அளவிலேயே மதிப்பிடுவது நன்று.

1896: உடைமை மாறிய ஆண்டு

ஐரோப்பியர் வருகைக்கு முன் கவைக்கொம்பு மான்கள் 3 கோடி முதல் 4 கோடி வரை இருந்திருக்கலாம் என்னும் மதிப்பீடு பரவலாக வழங்குகிறது. இவ்வெண் கணக்கெடுப்பால் வந்ததன்று. பேரளவைச் சுட்டும் குறிப்பாக மட்டுமே கொள்ளத்தக்கது. 1869-இல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை முழுமையடைந்தது. இறைச்சிச் சந்தை நகரங்களிலிருந்து புல்வெளிக்குள் நுழைந்தது. 1874-இல் கிளிட்டன் காப்புரிமை பெற்ற முள்கம்பி மேய்ச்சல் நிலங்களைத் துண்டாடியது. தாண்டாத விலங்கு கம்பிக்கு அடியில் ஊர்ந்து செல்லப் பழகியது. செம்மறியாடுகளுக்கென அடியோடு வலைக்கம்பி பின்னப்பட்ட இடங்களில் அதுவும் இயலாமற் போயிற்று.

இவ்வீழ்ச்சிக்கு எதிர்வினையாக எழுந்த சட்டங்களின் அடித்தளம் 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகளில் உள்ளது. முதலாவது 'கீர் எதிர் கனெக்டிகட்'. வேட்டைப் பறவைகளை மாநில எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வது பற்றிய அவ்வழக்கில், காட்டு விலங்குகள் மக்களின் பொதுவுடைமை, அவற்றை மக்களின் பெயரால் மாநிலம் பேணுகிறது என்னும் கோட்பாடு நிலைநிறுத்தப்பட்டது. நிலம் எவருடையதாயினும் அதில் நிற்கும் மான் நிலவுரிமையாளருக்கு உரியதன்று. மன்னரும் பெருங்குடியினரும் வேட்டைக்காட்டைத் தமதாக்கிக்கொண்ட ஐரோப்பிய மரபிலிருந்து விலகிய, குடியாட்சித் தன்மையுள்ள கோட்பாடு என இதனை அமெரிக்க வரலாற்றாசிரியர் போற்றுவர். அக்கூற்றில் உண்மையும் உண்டு.

ஆனால் அந்த 'மக்கள்' யார்? சில வாரங்கள் கழித்து வந்த 'வார்டு எதிர் ரேஸ் ஹார்ஸ்' தீர்ப்பு இதற்கு விடையளித்தது. ஷொஷோனி, பன்னாக் மக்களுடன் 1868-இல் செய்துகொள்ளப்பட்ட ஃபோர்ட் பிரிட்ஜர் உடன்படிக்கை, குடியேற்றம் நிகழாத அரசு நிலங்களில் வேட்டை விலங்கு உள்ளவரை வேட்டையாடும் உரிமையை அவர்களுக்கு உறுதியளித்திருந்தது. 1890-இல் வயோமிங் மாநிலமாயிற்று. 1895-இல் பன்னாக் மக்களைச் சேர்ந்த ரேஸ் ஹார்ஸ் மாநிலச் சட்டத்துக்கு மாறாக ஏழு எல்க் மான்களைக் கொன்றதாகக் கைது செய்யப்பட்டார். மாநிலமாக ஏற்கப்பட்ட நாளிலேயே அவ்வுடன்படிக்கை உரிமை வயோமிங்கின் சட்டத்துக்கு அடங்கியதாகிவிட்டது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு எல்க் பற்றியதாயினும் விளைவு எல்லா வேட்டை விலங்குகளுக்கும் பொதுவானது. ஆறாயிரம் ஆண்டுத் தடத்தில் காத்து நின்றவரின் வழித்தோன்றல்கள் இனி மாநிலம் தரும் அனுமதியுடன்தான் அங்கு நிற்க இயலும் என்றாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் வேட்டைச் சட்ட வரலாற்று நூல்களில் குறைவு. முதலாவது இயற்கைப் பாதுகாப்பு அத்தியாயத்திலும், இரண்டாவது முதற்குடிகள் அத்தியாயத்திலும் இடம்பெறுகின்றன. ஒன்று பொதுவுடைமையை நிறுவியது, மற்றது அப்பொதுமையின் எல்லையை வரைந்தது என்னும் தொடர்பு இப்பிரிப்பினால் மறைந்துவிடுகிறது. கீர் தீர்ப்பு 1979-இல் தள்ளப்பட்டது. ரேஸ் ஹார்ஸ் தீர்ப்பின் ஆற்றல் ஓய நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. குரோ மக்களைச் சேர்ந்த கிளேவின் ஹெரேரா தொடர்ந்த வழக்கில், மாநிலம் உருவானதால் மட்டும் உடன்படிக்கை வேட்டையுரிமை அழிவதில்லை என உச்ச நீதிமன்றம் 2019-இல் ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

முப்பதாயிரத்திலிருந்து

1900-இல் இயற்றப்பட்ட லேசி சட்டம், மாநிலச் சட்டத்தை மீறிக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலங்களுக்கிடையே வணிகம் செய்வதைத் தடுத்தது. மாநிலங்கள் பலவும் கவைக்கொம்பு மான் வேட்டையை முற்றிலும் நிறுத்தின. 1922 முதல் 1924 வரை எட்வர்ட் நெல்சன் தலைமையில் நடந்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30,000 விலங்குகளே எஞ்சியிருந்தமை தெரியவந்தது. 1931-இல் நெவாடாவில் ஷெல்டன் சரணாலயமும், 1936-இல் ஆரிகனில் ஹார்ட் மவுன்டன் சரணாலயமும் இவ்விலங்கை முன்னிட்டே அமைக்கப்பட்டன.

மீட்சிக்குப் பணம் வந்த வழி விந்தையானது. 1937-இல் இயற்றப்பட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீதான வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கியது. உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இப்பங்கு கிடையாது என்றும் அது விதித்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆல்டோ லியோபோல்டு வெளியிட்ட 'கேம் மேனேஜ்மென்ட்' என்னும் நூல், வேட்டை விலங்கையும் விளைச்சல் போன்று கருதி, இனப்பெருக்கத்துக்குப் போக எஞ்சும் மிகுதியை மட்டும் எடுக்கலாம் என்னும் சிந்தனைக்கு அறிவியல் வடிவம் தந்திருந்தது. பணமும் கோட்பாடும் கூடியதில் உருவானதே இன்றைய சீட்டு. 1980-களின் தொடக்கத்தில் எண்ணிக்கை பத்து இலட்சத்தை நெருங்கியது. அவற்றுள் ஏறத்தாழப் பாதி வயோமிங்கில் வாழ்ந்தன.

சீட்டைப் பெறும் முறை

வேட்டையாளர் வழக்கில் 'டேக்' எனப்படும் உரிமச்சீட்டு, ஒரு விலங்கைக் கொல்லும் அனுமதியும் கொன்றதற்கான சான்றும் ஆகும். வயோமிங் வேட்டைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வான்வழிக் கணக்கெடுப்பு, கிடாய்–பெட்டை விகிதம், குட்டிகளின் பிழைப்பு, நில உரிமையாளரின் குறைகள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டுச் சீட்டு எண்ணிக்கை முடிவு செய்யப்படுகிறது. எந்த மானையும் கொல்லலாம் என்னும் சீட்டு ஒரு வகை. பெட்டை அல்லது குட்டிக்கு மட்டுமான சீட்டு மற்றொரு வகை. கூட்டத்தின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது இரண்டாவதே. கொம்பை நாடுவோர் முன்னதையும் இறைச்சியை நாடுவோர் பின்னதையும் விரும்புவர். பின்னதன் கட்டணமும் குறைவு.

விண்ணப்பங்கள் சீட்டுகளைவிட மிகுதியாதலால் குலுக்கல் நடைபெறுகிறது. மான் சீட்டுகளில் 20 விழுக்காடு வெளிமாநிலத்தவர்க்கு ஒதுக்கப்படுகிறது. வெளிமாநிலத்தவர்க்கான சீட்டுகளில் 75 விழுக்காடு முன்னுரிமைப் புள்ளி மிகுந்தவர்களுக்கும், 25 விழுக்காடு புள்ளி கருதாத குலுக்கலுக்கும் செல்கின்றன. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புள்ளி சேர்ப்பவர், சில ஆண்டுகள் காத்திருந்து விரும்பிய பகுதியைப் பெறுவார். காத்திருப்போர் பெருகப் பெருக, அதே பகுதிக்குத் தேவையான புள்ளியும் ஏறிக்கொண்டே போகிறது. உள்மாநிலத்தவர் செலுத்தும் கட்டணம் 37 டாலர், வெளிமாநிலத்தவர் செலுத்துவது 326 டாலர் என்பது அண்மைக்கால விகிதம். சிறப்புக் கட்டணம் செலுத்துவோருக்கெனத் தனிக் குலுக்கலும் உண்டு; அதில் போட்டி குறைவு, தொகை பன்மடங்கு.

இவ்வேறுபாடு சமத்துவத்துக்கு மாறானதா என்னும் வினா 1978-இல் மான்டானா மாநிலத்தின் எல்க் உரிமம் பற்றிய 'பால்டுவின்' வழக்கில் எழுந்தது. பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமையன்று, ஆகவே வெளிமாநிலத்தவரிடம் பன்மடங்கு வாங்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது. 1896-இல் பன்னாக் மக்களுக்கு உணவாக இருந்த ஒன்று 1978-இல் சட்டத்தின் சொல்வழக்கில் பொழுதுபோக்காகியிருந்தது. ஆயினும் வேட்டையாடுவோர் பலர் உறைபெட்டியை நிரப்பவே சீட்டுக்கு விண்ணப்பிக்கின்றனர் என்பதை நீதிமன்றச் சொல்லாட்சி கணக்கில் கொள்ளவில்லை. பெட்டை மான் சீட்டுகளுக்கு இருக்கும் தேவையே இதற்குப் போதிய சான்று.

சுவை என்னும் சிக்கல்

கவைக்கொம்பு மான் இறைச்சி குறித்து வேட்டையாளரிடையே இரு கட்சிகள் உள்ளன. மான்வகை அனைத்திலும் இதுவே சிறந்தது என்பது ஒரு கட்சி. உண்ணத்தகாத நாற்றமுடையது என்பது மற்றொன்று. தமிழில் கிடாய் இறைச்சிக்குச் சொல்லப்படும் 'மொச்சை வாடை' என்பதையொத்த குறையை இரண்டாம் கட்சியார் கூறுகின்றனர். ஆடு என்னும் பெயர் இந்த எதிர்பார்ப்பை இரு நூற்றாண்டுகளாக ஊட்டி வந்துள்ளது. மேய்ந்த சேஜ் புதரின் மணம் இறைச்சியில் ஏறிவிடுவதாக வேறொரு விளக்கமும் உண்டு. குளிர்காலத்தில் வயோமிங் மான்களின் முதன்மை உணவு சேஜ் என்பது உண்மை. கோடையில் அவை மென்பூண்டுகளையே மிகுதியும் மேய்கின்றன. ஒரே நிலத்தில் ஒரே பருவத்தில் கொல்லப்பட்ட இரு விலங்குகளுள் ஒன்று இனிதாகவும் மற்றது கெட்டும் போவதைத் தீவனம் மட்டும் விளக்காது.

விடை பெரும்பாலும் வெப்பத்தில் உள்ளது. எல்க் வேட்டை பெரும்பாலும் குளிர் தொடங்கிய மலைக்காட்டில் நடைபெறுவது. கவைக்கொம்பு மானின் பருவமோ ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. நிழலற்ற வெளியில் பகல்வெப்பம் கடுமையாக இருக்கும். இவ்விலங்கின் மயிர் உள்ளீடற்றது. கடுங்குளிரில் உயிரைக் காக்கும் அதே போர்வை, இறந்த உடலின் சூட்டை வெளியேற விடாது. ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள சிறிய உடலாதலால், குடலை நீக்கித் தோலை உடனே உரித்துப் பனிக்கட்டியில் வைத்தால் விரைவில் குளிர்ந்துவிடும். வண்டியின் பின்தட்டில் தோலுடன் கிடத்தி வெயிலில் ஊருக்குக் கொண்டுசென்றால் அதே உடல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். பிட்டப் பகுதியில் மணச்சுரப்பிகள் உள்ளன. மயிரைத் தொட்ட கையும் கத்தியும் கழுவாமல் இறைச்சியில் பட்டால் அம்மணம் ஒட்டிக்கொள்ளும்.

கொல்லும் முறையும் சுவையில் பங்கு வகிக்கிறது. அஞ்சி நெடுந்தொலைவு ஓடிய விலங்கின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துவிடும். இறப்புக்குப் பின் அமிலத்தன்மை தேவையான அளவு கூடாது. அத்தகைய இறைச்சி கருத்துப் பிசுபிசுப்பாகி விரைவில் கெடும். மாட்டிறைச்சித் தொழிலில் நன்கறியப்பட்ட குறைபாடு இது. வண்டியில் விரட்டிச் சுடப்பட்ட மானையும், அறியாமல் மேய்ந்து நின்றபோது ஒரே குண்டில் வீழ்ந்த மானையும் ஒரே இறைச்சியாகக் கருத இயலாது. பெரும்படுகை மக்களின் பட்டிவேட்டையிலும் மான்கள் ஓடிக் களைத்தே கொல்லப்பட்டன. ஆயினும் அம்மக்கள் இறைச்சியின் பெரும்பகுதியை மெல்லிய கீற்றுகளாக்கி வறண்ட காற்றில் உலர்த்தினர். ஈரம் நீங்கியபின் கெடுவதற்கு இடமில்லை. வேட்டைமுறையும் பதப்படுத்தும் முறையும் ஒன்றையொன்று ஈடுசெய்தன என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். நம் உப்புக்கண்டத்துக்கு இணையானது அது எனினும், பல இடங்களில் உப்பில்லாமலே உலர்த்தப்பட்டது. புல்வெளி மக்கள் அதனை இடித்து உருக்கிய கொழுப்பும் காட்டுப் பழமும் கலந்து பெமிக்கன் செய்தனர்.

இன்றைய சமையலில் கொழுப்பு எதிர்த்திசையில் செல்கிறது. இவ்விலங்கின் கொழுப்பு சற்று ஆறியதுமே உறைந்து வாயில் மெழுகாகப் படியும். எனவே வேட்டையாளர் அதனைச் சுரண்டி நீக்கிவிட்டு, ஆலிவ் எண்ணெயோ வெண்ணெயோ சேர்க்கின்றனர். தசைக்குள் கொழுப்பு இழை மிகக் குறைவு. முதுகெலும்பை ஒட்டிய நீள்தசையைக் கடுஞ்சூட்டில் சில நிமிடம் மட்டும் வாட்டி, உள்ளே சிவப்பு மாறுமுன் இறக்கி, சற்று ஆறவிட்டு அரிவர். முழுதும் வெந்தால் நீர் வற்றி நாராகிவிடும். ஈரலைப் போன்ற வாடையும் தலைதூக்கும். கெண்டைக்கால் தசைக்கு இதற்கு நேர்மாறான பக்குவம் வேண்டும். சவ்வு மிகுந்த அதனைக் குறைந்த தீயில் பல மணி நேரம் வேகவைத்தால் கரைந்து குழையும். மோரில் ஊறவைத்து வாடை போக்கும் வழக்கமும் பரவலாக உள்ளது. நன்கு குளிர்விக்கப்பட்ட இறைச்சிக்கு அது தேவையில்லை, கெட்டுப்போன இறைச்சியை அது மீட்பதுமில்லை.

விற்க இயலாத உணவு

இவ்வளவு எளிய அறிவு ஏன் பொதுவழக்காகவில்லை? விடை மீண்டும் சட்டத்தில் கிடைக்கிறது. சந்தைக்கான வேட்டையே அழிவுக்குக் காரணம் என்பதால், வேட்டை இறைச்சியின் விற்பனை தடை செய்யப்பட்டது. மாட்டிறைச்சிக்கு அரசு ஆய்வும் தரவரிசையும் உண்டு. தரங்கெட்ட இறைச்சியை விற்பவர் வாடிக்கையாளரை இழப்பார். கவைக்கொம்பு மானுக்குக் கடையில்லை, விலையில்லை, ஆகவே தரமும் இல்லை. கசாப்புத் தொழிலாளி கூலிக்கு அறுத்துத் தரலாம், விற்க இயலாது. அதன் சுவை ஒவ்வொரு குடும்பத்தின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. தந்தை வெயிலில் கிடத்தியிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் 'மான் நாறும்' என்றே வளர்வர். அவர்கள் பிறர் வீட்டில் உண்டாலன்றி அக்கருத்து மாற வழியில்லை.

சட்டம் மறுமுனையையும் கட்டியது. உண்ணத்தக்க பகுதியைக் களத்தில் விட்டுச் செல்வது குற்றம். சுவை பிடிக்கவில்லை என்பது விலக்காகாது. கொன்ற இடத்தை விட்டு அகலுமுன் சீட்டில் நாள் குறிக்க வேண்டும். பாலினம் வரையறுக்கப்பட்ட சீட்டாயின் அதற்கான சான்றும் இறைச்சியுடன் இருக்க வேண்டும். இவ்வாறு விற்கவும் கூடாது, வீசவும் கூடாது என்னும் இரு விதிகளுக்கு இடையே ஒரு வீட்டுச் சமையல் மரபு உருவாகியிருக்கிறது. அமெரிக்க உணவு வரலாற்றில் இது போதிய கவனம் பெறவில்லை. அச்சமையலைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் சீட்டில் பெயரில்லாத பெண்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

விற்பனைத் தடையின் பொருளை விளங்கிக்கொள்ள, நம் இரலையின் கதை எதிர்பாராத வகையில் உதவுகிறது. 1932-இல் டெக்சாஸ் மாநிலத்தின் எட்வர்ட்ஸ் பீடபூமிக்கு வெளிமான் கொண்டுவரப்பட்டது. அது அயல்விலங்காதலால் பொதுவுடைமைக் கோட்பாட்டுக்குள் வரவில்லை. பண்ணைக்காரரே அதன் உடைமையாளர். பருவம் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, குலுக்கலும் இல்லை. மாநிலத்தின் பொது வேட்டை உரிமமும் பண்ணைக்காரர் கேட்கும் விலையும் போதும். ஆய்வுக்குட்பட்ட அதன் இறைச்சி உணவகங்களுக்கு விற்கப்படுகிறது, ஆகவே குளிர்விக்கும் முறைக்குத் தொழில்தரம் உள்ளது. அங்கே பல்லாயிரமாகப் பெருகியும் இருக்கிறது. இந்தியாவில் அதே விலங்கு 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கிண்டியிலும் வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் அதனைக் கொல்வது சிறைக்குரிய குற்றம். புறநானூற்றுக் காலத்தில் வேட்டுவர் மான்தசையைக் கொடுத்து நெல் பெற்றனர் என்பதை நாம் வகுப்பில் விளக்குகிறோம். அந்தப் பண்டமாற்று இன்று தமிழகத்திலும் வயோமிங்கிலும் சட்டத்துக்குப் புறம்பானது, காரணங்கள் வேறாயினும்.

2022–23 குளிர்காலம் மேற்கு வயோமிங்கில் மிகக் கடுமையாக இருந்தது. ஆழ்ந்த பனியும் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்னும் நுண்ணுயிரால் வந்த நுரையீரல் நோயும் சேர்ந்து, டிராப்பர்ஸ் பாயின்ட் வழியே வலசை செல்லும் சப்லெட் கூட்டத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தன. அடுத்த பருவத்துக்கான சீட்டுகள் பெருமளவு குறைக்கப்பட்டன. புள்ளி சேர்த்துக் காத்திருந்தோர் மேலும் காத்திருக்க நேர்ந்தது. பெருவேட்டைக்குப்பின் கூட்டம் மீளும்வரை பட்டி கட்டாதிருந்த ஷொஷோனி மக்களின் காத்திருப்புக்கும் இதற்கும் கால அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஹெரேரா தீர்ப்புக்குப் பின், காத்திருக்கச் சொல்லும் அதிகாரம் உடன்படிக்கை மக்களிடத்தில் எந்த அளவுக்குச் செல்லும் என்பது கீழமை நீதிமன்றங்களின் முன் மீண்டும் வழக்காகச் சென்றுள்ளது.